பட்டனைப் பார்த்து வாங்குகிறவர்கள்

ராயபுரத்தில் புறப்பட்டுக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைக் கடந்து, கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு வடக்கு நோக்கிப் போகிறவருக்கு, எண்ணூர் விரைவுச் சாலையின் பெயரில் இருக்கும் விரைவு எங்கே போயிற்று என்ற சந்தேகம் முதல் பர்லாங்கிலேயே உண்டாகிவிடும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டை எதிர்நோக்கி வரிசை பிடித்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கம். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களைத் தாண்டி வந்து தெறிக்கும் உப்பு நீர் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில், கனரக வண்டிகளின் பாரத்தால் நசுங்கியும் மடிந்தும் கிடக்கும் தாரின்மேல், ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டோ இரும்புக் குழாய் ஏற்றிக்கொண்டோ ஒரு பிக்கப் வண்டி தன் உருவத்துக்குப் பொருந்தாத சாகசத்தோடு புகுந்து புறப்பட்டுப் போய்க்கொண்டிருக்கும். அந்த வண்டிக்கு எந்த டயர் போடுவது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். அற்பமான விஷயம் என்று நினைப்பவர்கள், ஒரு செட் டயருக்காகக் கந்துவட்டிக்காரரிடம் போய் நின்றிருக்கும் வண்டிக்காரர் யாரையாவது விசாரித்துப் பார்க்கலாம்.

பிக்கப் வண்டிகள் இந்தப் பிரதேசத்துக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அதற்கு முன்பெல்லாம் சிறு சுமைகளுக்கு மீன்பாடி வண்டி என்ற மூன்று சக்கர விநோதம்தான் கதி. மோட்டார் பொருத்தப்பட்டு, சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பற்றிக் கவலையே படாமல், அது வடசென்னையின் சந்து பொந்துகளில் ஓடியது. 2005-ல் டாட்டா ஏஸ் வந்தது. ஜனங்கள் அதற்குக் குட்டி யானை என்று நாமகரணம் செய்தார்கள். எண்ணூரில் வேரூன்றிய அசோக் லேலண்ட் ஸ்தாபனம், ஜப்பானிய நிஸானுடன் கூட்டுச் சேர்ந்து, ஓசூரில் தயாரித்த தோஸ்த் வண்டியை 2011-ல் வெளியிட்டது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப்போ கிராமத்து மண் பாதையிலும் நகரத்துக் கிட்டங்கி வாசலிலும் ஒருங்கே தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இவற்றின் விசேஷம் என்னவென்றால், ஒரே வண்டி விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிப் போகும். பகலில் சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து கம்பி ஏற்றும். மாலையில் அத்திப்பட்டுப் பக்கம் சிமெண்டு மூட்டையோடு மண் பாதையில் இறங்கும். மூன்று வேலைக்கும் மூன்று வித டயர் வேண்டும் என்று எந்தப் புஸ்தகமும் சொல்லும்; ஆனால் வண்டியோ ஒன்றுதான், போடக்கூடிய செட்டும் ஒன்றுதான்.

டயர் கடைக்குள் நுழைந்த வாடிக்கையாளர் முதலில் செய்கிற காரியம், கட்டைவிரலை, பட்டன் என்று சொல்லப்படும் மேல்பரப்பு ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே விட்டு ஆழம் பார்ப்பது. பள்ளம் ஆழமாக இருந்து, பட்டன்கள் கட்டை கட்டையாகப் பருத்து, ஓரத்தில் பற்கள் போலத் துருத்திக்கொண்டிருந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். “நல்லா கெட்டியா இருக்குது, ரொம்ப நாள் தாங்கும்” என்று கூட வந்தவரும் ஆமோதிப்பார். கொம்பைப் பார்த்து மாடு பிடிக்கிறவனுக்கும் இவருக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம். டயரின் பலம் தரையைத் தொடுகிற பட்டனில் மாத்திரம் இருப்பதன்று. பட்டனுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் நூல் அடுக்குகளிலும், எஃகுக் கம்பிப் பட்டைகளிலும், பக்கச் சுவரிலும், எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே அடைபட்டிருக்கும் காற்றிலும் இருப்பது. சுமையைத் தாங்குவது ரப்பர் என்று பலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் தாங்குவது காற்று, அந்தக் காற்றைச் சிதறாமல் பிடித்து வைப்பதே மற்றவற்றின் வேலை.

இந்தப் பாடத்தைத் தேசத்துக்குப் படிப்பித்த ஊர்களில் இதே சாலையில் உள்ள திருவொற்றியூரும் ஒன்று என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1946-ல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்ற கேரளத்து இளைஞர் இங்கே ஒரு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் தயாரிக்கத் தொடங்கினார். தயாரித்த பலூன்களைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைத் தெருக்களில் தாமே கடை கடையாக ஏறி இறங்கி விற்றார். 1949-ல் தம்பு செட்டித் தெருவில் ஒரு சிறு ஆபீஸ் ஏற்பட்டது. 1952-ல், பலூனை விடக் கௌரவமும் லாபமும் உள்ள ஒரு சரக்கில் இறங்கினார்; அதுதான் தேய்ந்த டயர்களுக்குப் புதிதாக மேல்பரப்பு ஒட்டுவதற்கான ரப்பர். புது டயர் வாங்க வசதியில்லாத லாரி முதலாளிகள் நிறைந்த நாட்டில், ரீபட்டன் போடுவதற்கான ரப்பருக்கு என்ன கிராக்கி இருந்திருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. நான்கைந்து வருஷங்களுக்குள் தேசத்தின் அந்த வியாபாரத்தில் பாதி அவர் கைக்கு வந்துவிட்டது.

டயரே தயாரிப்பது என்பது வேறு விதமான பரீட்சை. அந்தத் துறையில் டன்லப், பயர்ஸ்டோன் முதலிய வெளிநாட்டு ஸ்தாபனங்கள் ஆதிக்கம் செலுத்திய காலம் அது. 1960-ல் கம்பெனியாகப் பதிவு பெற்ற மாம்மன் மாப்பிள்ளையின் மெட்ராஸ் ரப்பர் பாக்டரி, அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து மான்ஸ்பீல்ட் டயர் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு 1961-ல் டயர் உற்பத்தியில் புகுந்தது. இங்கேதான் நம் விஷயத்துக்கு மிகவும் நெருங்கிய சங்கதி வருகிறது. அமெரிக்காவின் அகன்ற, வழவழப்பான, சுமைச் சட்டங்கள் ஓரளவாவது அநுசரிக்கப்படுகிற சாலைகளை மனத்தில் வைத்து உருவான அந்த அமைப்பு, அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றி, சித்திரை வெயிலில், கப்பி பெயர்ந்த சாலையில் ஓடும் இந்திய லாரிக்கு ஒத்துவரவில்லை. ஆரம்பத்தில் வந்த டயர்கள் நல்ல பெயர் எடுக்கவில்லை. போட்டியாளர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு இந்தச் சாலைக்கென்றே, இந்தச் சுமைக்கென்றே டயரை மறுபடியும் யோசிக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. 1963-ல் திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1967-ல் அதே அமெரிக்காவுக்கு இந்தியாவிலிருந்து முதன்முதலாக டயர் ஏற்றுமதி செய்த பெருமையும், 1973-ல் நைலான் டயர்களை வியாபார ரீதியில் கொண்டுவந்த பெருமையும் இந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்தன. 1978-ல் வெளிவந்த சூப்பர்லக் என்ற லாரி டயரைத் தெரியாத டிரைவர் அந்தத் தலைமுறையில் இருந்திருக்க மாட்டார். 1979-ல் மான்ஸ்பீல்டின் பெயர் கழன்றுகொண்டது, எம். ஆர். எஃப். என்ற மூன்று எழுத்து நின்றது.

இதே சரித்திரத்தில் இன்னொரு அத்தியாயமும் உண்டு. 1964-ல் விளம்பரக் கலைஞர் அலிக் பதம்ஸீயின் யோசனையில் பிறந்த தசை வீரன், டயரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நெடுஞ்சாலைகள் தோறும் நின்றான். விளம்பரம் என்ற அளவில் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம். ஆனால், முரட்டுத்தனமாகத் தோற்றம் அளிப்பதே பலம் என்ற எண்ணத்தை ஜனங்களின் மனத்தில் ஊன்றியதில் அந்த வீரனுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. டயரை உண்மையாகவே சாலைக்கு ஏற்றபடி திருத்தி அமைத்தவர்கள் கொட்டகைக்குள் ரசாயனத் தராசோடு போராடிய மனிதர்கள். அவர்களுக்குத் தட்டி வைத்தவர் யாரும் இல்லை.

சரி, இந்தப் பிரதேசத்தில் டயரைக் கொல்லுவது எது? முரட்டு டயர் விற்பவர்களின் விளம்பரப் படங்களைப் பார்த்தால், வண்டி முழுவதும் சேறு தெறிக்க, மலைச் சரிவில் ஏறிக்கொண்டிருக்கும். திருவொற்றியூரில் மலை கிடையாது. சேறும் வருஷத்தில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதத்துக்குத்தான். மற்றபடி இங்கே டயரின் சத்துருக்கள் இரும்பு, பாரம், உஷ்ணம், உப்பு ஆகிய நான்கும்தான். சாத்தங்காட்டைச் சுற்றிய சாலைகளில் கத்தரித்த தகட்டின் ஓரங்களும் கம்பி முனைகளும் உதிர்ந்து கிடக்கின்றன. சரக்குப் பெட்டிகளைப் பிரிக்கும் முற்றங்களில் பலகையிலிருந்து பிடுங்கிய ஆணிகளும், கன்டெய்னர் கதவுகளிலிருந்து அறுத்தெறிந்த சீல் துண்டுகளும் கிடக்கின்றன. இவற்றுக்கு ஆழமான பட்டன் ஒரு பாதுகாப்பு அல்ல. இடைவெளி அகன்ற டயரில் ஆணி பட்டனைத் துளைப்பதற்குப் பதிலாகப் பள்ளத்தின் அடித்தளத்தையே நேராகத் துளைக்கிறது. அங்கே ரப்பரின் கனம் மிகவும் சொற்பம். கூர்மையான ஜல்லி அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக உள்நோக்கி இறங்கி எஃகுப் பட்டை வரை போய்விடும்; பிறகு மழை நீரும் உப்பும் அந்த வழியே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். பஞ்சர் கடைக்காரர்கள் ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு கல் நோண்டி எடுப்பதைப் பார்க்கிறவர்கள் அதை வேலையற்ற வேலை என்று எண்ணக்கூடாது.

பாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே பேச வேண்டும். ஏனென்றால் இங்கே வெடிக்கிற டயர்களில் பெரும்பாலானவற்றின் மரணத்துக்குக் காரணம் அதுதான். டயரின் பக்கச் சுவரில் அளவுக்கு அடுத்தபடியாக ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900. 108 என்றால் 1000. எழுத்து வேகத்தைக் குறிப்பது: ‘என்’ என்றால் மணிக்கு 140 கிலோமீட்டர், ‘க்யூ’ என்றால் 160. எண்ணூர்ச் சாலையில் ஓடுகிறவருக்கு எழுத்தைப் பற்றிய விசாரம் அநாவசியம், எண்தான் ஜீவநாடி. பின் அச்சில் 2 டன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 1000 கிலோ, அதாவது 108 எண்ணுள்ள டயரின் சக்தி முழுவதும் செலவாகிவிட்டது. இதற்கு மேல், “பக்கத்துலதானே, மணலி வரைக்கும்தான்” என்று சொல்லி இன்னும் அரை டன் கம்பியைப் பின்பக்கம் நீட்டிக்கொள்ளும்படி ஏற்றினால், ஒவ்வொரு பின் டயரும் 1250 கிலோவைச் சுமக்கிறது. கால் பங்கு அதிகம். டயர் அந்த க்ஷணமே வெடித்துவிடுவதில்லை, அதுதான் ஆபத்து. பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து நிமிர்கிறது, மடிப்பு உஷ்ணமாகிறது, உஷ்ணத்தில் ரப்பருக்கும் எஃகுக்கும் உள்ள பிடிப்பு இளகுகிறது, சில வாரங்கள் கழித்து, வண்டியில் பாதிச் சுமைகூட இல்லாத ஒரு பகலில், நடுச்சாலையில் அது பிரிந்துகொள்கிறது. அப்பொழுது கம்பெனியை வைகிறோம்.

அதே சுவரில் ‘8 பி.ஆர்.’ என்றோ ‘12 பி.ஆர்.’ என்றோ காணப்படும் குறியும் இதைச் சேர்ந்ததுதான். பருத்தி நூலால் டயர் நெய்த காலத்தில் அத்தனை அடுக்குகள் உண்மையாகவே உள்ளே இருந்தன. இப்போது எஃகும் செயற்கை நூலும் வந்த பிறகு அடுக்குகள் குறைந்துவிட்டன, அத்தனை பருத்தி அடுக்குகளுக்கு ஈடான பலம் என்ற கணக்கு மாத்திரம் நிற்கிறது. சுமை வண்டிக்காக உருவான டயரில் ‘எல்.டி.’ என்ற எழுத்துக்களும் இருக்கும். அளவு ஒன்றாக இருக்கிறதே என்று ஜீப்புக்கோ பெரிய காருக்கோ உரிய டயரை, அதுவும் பார்வைக்கு முரடாக இருக்கிறது என்பதற்காக, பாரம் இழுக்கிற பிக்கப்புக்குப் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த டயருக்குப் பட்டன் இருக்கிறது, எலும்பு இல்லை.

கடைகளில் கிடைப்பவற்றை மூன்று ஜாதியாகப் பிரிக்கலாம். நீளவாட்டில் கோடு கோடாகப் பள்ளம் வெட்டிய சாலை டயர் முதலாவது. தார் ரோட்டில் அமைதியாக ஓடும், மழையில் நன்றாகப் பிரேக் பிடிக்கும், சேற்றில் வழுக்கும். அகன்ற இடைவெளியும் பெரிய கட்டைகளும் கொண்ட சேற்று டயர் மூன்றாவது. சகதியை வாரி அள்ளி, சுழற்சியிலேயே அதை உதறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்வது அதன் பிரத்யேக சாமர்த்தியம். ஆனால் தார் ரோட்டில் அதன் ரப்பர் தரையைத் தொடும் பரப்புக் குறைவு. ஆகவே நனைந்த சாலையில் நிற்கத் தாமதம் ஆகும், தேய்மானம் அதிகம், எண்ணெய் குடிக்கும், போதாக்குறைக்கு ஓயாமல் ரீங்காரம் செய்யும். இரண்டுக்கும் இடையில் எல்லாத் தரைக்கும் உரியது என்று விற்கப்படும் மத்திய ஜாதி ஒன்று உண்டு. அதில், நடுவில் தொடர்ச்சியான பட்டையும் ஓரங்களில் மாத்திரம் கட்டைகளும் உள்ள வகையை லாரிக்காரர்கள் செமி லக் என்பார்கள். காலையில் ஐஸ் நீர் ஒழுகி வழவழக்கும் மீன் மார்க்கெட் வாசலிலும், பகலில் உடைந்த தாரிலும், மாலையில் ஈர மண்ணிலும் ஓட வேண்டிய வண்டிக்கு, சுமை எண் சரியாக உள்ள இந்த வகைதான் உசிதம். வடசென்னைத் தொழிற்பகுதியில் ஓடும் பிக்கப்புகளில் முக்காலே மூன்று வீசத்துக்குச் சேற்று டயர் ஆடம்பரம். சில சமயம் அபாயம்.

மீதி வீசத்துக்கு மாத்திரம் அது நியாயமானது. எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, மீஞ்சூரைச் சுற்றி, பழவேற்காடு வரை விரிந்து கிடக்கும் தாழ்ந்த பூமியில் மண்ணின் குணமே வேறு. உப்பளத்து ஓரக் களிமண் காய்ந்திருக்கும்போது பாறை. ஒரு மழைக்குப் பின் வண்டியை அச்சு வரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அனல் மின் நிலையங்களின் சாம்பல் குழாய் வழியே நீரோடு கலந்து போவதும், அந்தக் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிவதும் இந்தப் பக்கத்து ஜனங்களின் நெடுநாள் குறை. அந்தச் சாம்பல் மாவைக் காட்டிலும் மிருதுவானது. நனைந்துவிட்டால் சாதாரண டயரின் பள்ளங்களை நிரப்பி அடைத்து, புது டயரையும் மொட்டை டயராக்கிவிடும். இப்படிப்பட்ட இடங்களில் தினந்தோறும் வேலை உள்ளவர், உதாரணமாகக் கரை மணல் வரை இறங்கி வலையும் எஞ்சினும் ஏற்றுகிறவர், சேற்று டயரோ அதற்கு நெருங்கியதோ போட்டுக்கொள்வதை யாரும் ஆட்சேபிக்க முடியாது.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. மணலில் பட்டனால் பிரயோஜனம் இல்லை. பெரிய கட்டைகள் மண்வெட்டியாகி வண்டியைத் தாமே புதைத்துவிடும். 1930-களில் லிபியப் பாலைவனத்தில் மோட்டார் வண்டிகளோடு அலைந்த பாக்னால்ட் என்ற ஆங்கில ராணுவ எஞ்சினியர், டயரில் காற்றைக் குறைத்தால் அது அகன்று நீண்டு மணலின்மேல் மிதக்கிறது என்பதை அநுபவத்தில் நிரூபித்தார். அப்படியே மணல்மேடுகளைக் கடந்தார். எண்ணூர் நெட்டுக்குப்பத்து மணலுக்கும் அந்த விதி பொருந்தும். காலி வண்டியாக மணலில் இறங்குமுன் காற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கெட்டித் தரைக்கு வந்ததும் முதல் காரியமாக நிரப்பிக்கொள்ள வேண்டும். குறைத்ததை மறந்து சுமை ஏற்றினால், மேலே சொன்ன உஷ்ணக் கதை இரட்டை வேகத்தில் நடக்கும். சிகரெட் லைட்டரில் சொருகிக் காற்றடிக்கும் சிறு பம்பு ஒன்று இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. முரட்டு டயருக்குக் கொடுக்கும் அதிகக் கிரயத்தில் ஒரு சிறு பகுதிதான் அதற்கு ஆகும்.

வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலியிலிருந்து எண்ணூர்க் கழிமுகம் வரை வெள்ள நீரோடு எண்ணெயும் பரவி, படகுகளையும் வலைகளையும் வீட்டுச் சுவர்களையும் கறுப்பாக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நீரில் ஓடிய டயர்களைப் பற்றி யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய துக்கங்கள் இருந்தன. ஆயினும் கனிம எண்ணெய் ரப்பரை ஊதச் செய்து இளக்கிவிடும் என்பது தொழிலறிந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. அப்படிப்பட்ட நீரில் போய் வந்த டயரைச் சோப்பு நீரால் உள் ஓரம் உட்படக் கழுவிவிடுவது அவசியம். பெட்ரோலால் துடைப்பது வியாதியைக் கொண்டே வைத்தியம் செய்வதாகும்.

இனி, வேலைக்காக அல்லாமல் ஆசைக்காகப் பிக்கப் வாங்குகிறவர்கள். இவர்களும் பெருகி வருகிறார்கள். நம் எல்லையைத் தாண்டியதும் ஆந்திரத்தில் இருக்கும் ஸ்ரீ சிட்டியில் 2016 முதல் இசுசு கம்பெனி தயாரிக்கும் வி-கிராஸ் வண்டி இவர்களுக்குப் பிரியமானது. வார இறுதியில் பழவேற்காட்டுப் பக்கம் போய்ச் சேற்றில் விளையாடுவதை நான் குறை சொல்லவில்லை. வாரத்தில் மற்ற நாட்களெல்லாம் அதே டயர் அண்ணா சாலையில் ரீங்காரம் செய்வதைத்தான் சொல்கிறேன். இவர்களில் சிலர் அளவையும் மாற்றிவிடுகிறார்கள். 215/75 ஆர் 15 என்ற டயரின் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 போட்டால் 733. நூற்றுக்கு நான்குக்கு மேல் வித்தியாசம். கம்பெனி கொடுத்த அளவிலிருந்து நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது என்பது தொழிலில் வழங்கும் பொது விதி. முள் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும்; வண்டியைத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும்; பிரேக்குக்கும் கியருக்கும் வேலை கூடும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் அளித்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது என்பதையும் இவர்கள் கவனிக்க வேண்டும். அதே மாடலின் வேறு ரகங்களுக்குக் கம்பெனியே கொடுக்கிற அளவுக்குள் நின்றுகொள்வது க்ஷேமம். இவர்கள் பெருமையோடு காட்டும் சில டயர்களில் மூன்று சிகரமும் ஒரு பனிப்படிகமும் பொறித்த முத்திரை இருக்கும். கடும் பனியில் ஓடுவதற்குத் தேறியது என்று அர்த்தம். ராயபுரத்தில் அது எந்த மாதத்தில் உதவும் என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

பணமுடை உள்ளவர்களுக்கு ரீபட்டன் என்ற மார்க்கம் இன்றும் திறந்திருக்கிறது. மாம்மன் மாப்பிள்ளையின் காலத்தைப் போலவே தேய்ந்த பரப்பைச் சுரண்டிச் சமமாக்கி, புதிய பட்டையை ஒட்டி, உஷ்ணத்தில் வேகவைத்துக் கொடுக்கிறார்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. விமானச் சக்கரங்களே அப்படித்தான் மறுஜென்மம் எடுக்கின்றன. ஆனால் பழைய உடல் நன்றாக இருந்தாலொழிய புதிய தோலால் பயன் இல்லை; பக்கச் சுவரில் வீக்கமோ வெட்டோ இருந்தால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வேண்டாம் என்று எழுந்துவிட வேண்டும். ரீபட்டன் டயரைப் பின்னால் போடலாம், முன்னால் கூடாது. பின் டயர் பிரிந்தால் வண்டி தடுமாறும். முன் டயர் பிரிந்தால் ஸ்டீரிங் கையைவிட்டுப் போய், பக்கத்தில் வரும் கன்டெய்னர் லாரிக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

புதிதாக வாங்குகிறவர், விலை பேசுமுன் பக்கச் சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம். 2324 என்றால் 2024-ல் இருபத்து மூன்றாவது வாரத்தில் தயாரானது. கடற்கரைக் காற்றிலும் வெயிலிலும் மூன்று வருஷம் கிடந்த டயர், பட்டன் குறையாமலே கிழமாகிவிடும். “ஸ்டாக்கு புதுசு தலைவரே” என்று கடைக்காரர் சொல்வதை நம்பலாம். படித்துப் பார்த்த பிறகு நம்பலாம். பள்ளத்தின் அடியில் சிறு மேடாக இருக்கும் அடையாளம் மேல்பரப்போடு சமமானால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. ட்யூப் இல்லாத டயர் ஆணிக்கு உத்தமம். காற்று மெல்ல இறங்கி, கடை வரை ஓட்டிப் போக அவகாசம் கொடுக்கும். ஆனால் உப்புக் காற்றில் ரிம்மின் விளிம்பு துருப்பிடித்துப் பொருக்குத் தட்டினால், பஞ்சரே இல்லாமல் தினமும் காற்று குறையும். டயர் மாற்றும்போதெல்லாம் விளிம்பைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் அந்தத் தொந்தரவு இல்லை. காற்றின் அளவு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில், காலி வண்டிக்கு இவ்வளவு, சுமைக்கு இவ்வளவு என்று அச்சிட்டே இருக்கும். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான பிறகு ஏறியிருக்கிறதே என்று இறக்கிவிடுவது நம் ஊர்ப் பழக்கங்களில் மிகவும் தவறானது.

பேரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது ஸ்டெப்னியை. நான்கு புது டயர் போட்டுக்கொண்டு, கழற்றியவற்றில் சுமாரானதை ஸ்டெப்னியாகத் தூக்கி வண்டிக்கடியில் மாட்டிவிடுகிறார்கள். அது அங்கேயே சேறும் உப்பும் பூசிக்கொண்டு, காற்று இறங்கி, போல்ட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. எர்ணாவூர்ப் பாலத்தருகே ராத்திரி பத்து மணிக்கு ஜாக்கி போட்டு அதைக் கழற்ற முயன்றவர்கள் படும் பாட்டை அந்தச் சாலையில் போகிறவர்கள் வாரந்தோறும் பார்க்கலாம். ஐந்தாவது டயரும் அதே அளவாக, அதே சுமை எண்ணாக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை இறக்கிக் காற்றடித்து, போல்ட்டுக்குக் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். ஐந்தையும் சேர்த்து விலை கேட்டால் கடைக்காரர் கொஞ்சம் இறங்கி வருவார். இறங்காவிட்டால், முதலில் போட நினைத்த முரட்டுப் பட்டன் டயரை வேண்டாமென்று சொல்லி, அந்த மிச்சத்தில் ஐந்தாவதை வாங்கிக்கொள்ளலாம்.